மூன்று முறை கவனக்குறைவு

அந்த பஸ் டிப்போவில் அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. ஷெட்டில் கிரீஸ் பூசுகிறவரிலிருந்து மேனேஜர் வரை எல்லோருக்கும் அவர் 'விளக்கம் சார்'. பதிவேட்டு அறையில் குமாஸ்தா. கூரையைத் தொடும்படி ஃபைல் அடுக்கிய நான்கு இரும்பு ராக்குகள், ஒரு மேஜை, ஒரு காலுக்கு அட்டை மடித்து முட்டுக் கொடுத்த நாற்காலி, வருகிறவருக்கு எதிரே இன்னொன்று, வெளியே வண்டி உறுமும்போதெல்லாம் கூடவே நடுங்குகிற ஒரு ஜன்னல். இருபத்து மூன்று வருஷமாக அதுதான் அவருடைய உலகம்.

டிப்போவில் யாருக்கு மெமோ வந்தாலும் மூன்று நாளைக்குள் எழுத்து மூலம் விளக்கம் கொடுத்தாக வேண்டும். ஸ்டியரிங் பிடித்துப் பழகிய கைக்குப் பேனா லேசில் வணங்காது. அதனால் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அவர் அறை வாசலில் எப்போதும் ஒருவர் மெமோவும் கையுமாக நிற்பார்.

"விளக்கம் சார், மறுபடியும் மாட்டிக்கிட்டேன்," என்பார் ஒரு கண்டக்டர்.

"இப்ப என்ன?"

"ஒரு அம்மா இறங்கறதுக்குள்ள விசில் அடிச்சிட்டேனாம்."

"அடிச்சியா?"

"அடிச்சேன்."

"அந்தம்மா விழுந்துட்டாங்களா?"

"விழல சார். திட்டினாங்க. எங்க பரம்பரையையே இழுத்து வச்சுத் திட்டினாங்க."

"அப்ப விழுந்தது நீதான். உட்காரு."

எழுதி முடிக்கக் கால் மணி நேரம் ஆகும். அந்தக் காகிதத்தைப் படித்தால், விசில் அடித்ததே பின்னால் வந்த வண்டிகளின் மேலுள்ள கருணையால்தான் என்று தோன்றும். தமிழில் பட்டம் வாங்கியவர். வாத்தியாராகப் போக வேண்டியவர், எந்தப் பள்ளிக்கூடமும் கூப்பிடாததால் இங்கே வந்து சேர்ந்தவர். படித்த படிப்பு முழுவதும் இந்தக் கால் மணி நேரங்களில்தான் செலவானது.

அவருக்கென்று சில சட்டங்கள் வைத்திருந்தார். 'தவறு' என்று எழுதவே கூடாது. அது தானாக ஓடிப்போய்த் தூக்குக் கயிற்றில் தலையை நீட்டுவது. 'கவனக்குறைவு' என்று எழுதலாம். அது யாருக்கும் வரும், மேனேஜருக்கே வரும். படித்துவிட்டு ஓர் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள். ஆனால் 'இயலாமை' என்ற வார்த்தை பேனா பக்கமே வரக்கூடாது.

"கவனக்குறைவுன்னா வந்துட்டுப் போறது. இயலாமைன்னா வந்து உட்கார்ந்துக்கறது," என்பார். "உட்கார்ந்தா உன்னையும் கேட் வாசல்ல ஸ்டூல் போட்டு உட்கார வச்சிருவாங்க."

அப்படி ஒரு ஸ்டூல் நிஜமாகவே இருந்தது. வண்டி ஓட்டத் தகுதியில்லை என்று இறக்கப்பட்ட டிரைவர்கள் அதில் உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிகளின் நம்பரை நோட்டில் எழுதுவார்கள். நேற்றுவரை கூட ஓட்டியவர்கள், வேண்டுமென்றே அந்த ஸ்டூல் பக்கத்தில் ஹாரன் அடித்துவிட்டுப் போவார்கள். விளக்கம் சார் எழுதிக் கொடுத்த எவரும் இதுநாள்வரை அந்த ஸ்டூலுக்குப் போனதில்லை. இதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. மற்றவர்கள் சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்வார்.

அதே டிப்போவில்தான் அவருடைய அண்ணனும் டிரைவர். எட்டு வயது மூத்தவர். அப்பா போன பிறகு, படித்துக்கொண்டிருந்த தம்பியை அப்படியே படிக்கவிட்டு, தான் மட்டும் லாரியில் கிளீனராக ஏறியவர். அந்த மனிதரைப் போல ஜாக்கிரதையான ஆளைப் பார்க்க முடியாது. வண்டியை எடுக்கும் முன் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, ஒவ்வொரு டயரையும் உள்ளங்கையால் தட்டிப் பார்ப்பார். பக்கக் கண்ணாடி துடைக்க வீட்டிலிருந்து தனித் துணி கொண்டுவருவார். இருபத்தாறு வருஷத்தில் அவர் வண்டியில் ஒரு கீறல் கிடையாது. "உங்க அண்ணன் வண்டி ஓட்டல சார், தூங்கற குழந்தையைத் தூக்கிட்டுப் போறாரு," என்று மெக்கானிக் சொல்வார்.

தம்பி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு மாடியறை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அண்ணன் வீட்டில்தான். அண்ணன் தன் மனைவியிடம், "இவன் எழுதினா மேனேஜரே உருகிடுவாரு, தெரியுமா?" என்று வாரம் தவறாமல் சொல்வார். அண்ணியும் வாரம் தவறாமல், "அப்படியா!" என்று புதிதாகக் கேட்பதுபோலக் கேட்பார்.

ஓய்வு பெற இரண்டரை வருஷம் இருக்கும்போது, அண்ணனுக்கு முதல் மெமோ வந்தது. பின்னால் எடுக்கும்போது டிப்போ தூணில் இடித்துவிட்டார். பெரிதாக ஒன்றுமில்லை, பின்விளக்கு ஒன்று உடைந்தது. தம்பி சிரித்துக்கொண்டே எழுதினார். மங்கலான விடிகாலை வெளிச்சத்தில் நேர்ந்த கவனக்குறைவு. அண்ணன் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

நான்கு மாதம் கழித்து இரண்டாவது. நின்றிருந்த காரின் கண்ணாடியைத் தட்டிவிட்டார். நெரிசலில் நேர்ந்த கவனக்குறைவு. இந்த முறை கையெழுத்துப் போடும் முன் அண்ணன் கொஞ்சம் நின்றார். "நெரிசல் ஒண்ணும் இல்லடா," என்றார். "இருந்துச்சுன்னு வச்சுக்குவோம்," என்றார் தம்பி.

இரவு நடையில் முன்னால் போன வண்டியை உரசியதற்கு மூன்றாவது மெமோ வந்தபோது அண்ணன் தானே எழுதிக்கொண்டு வந்தார். ஒரு வியாழக்கிழமை மத்தியானம். வண்டியின் ஓட்டத்தைக் குறித்து வைக்கும் பழைய லாக் ஷீட்டின் பின்பக்கத்தில், பெரிய பெரிய எழுத்துகளில் இரண்டே வரி.

'ஐயா, வண்டிக்கு நான் பத்தவில்லை. என்னை வண்டியில் இருந்து இறக்கி விடவும்.'

தம்பி அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "என்னண்ணே இது?"

"உள்ளதைத்தான் எழுதியிருக்கேன்."

"பத்தலன்னா? குழம்புல உப்பா? இப்படியா எழுதுவாங்க?"

அண்ணன் சிரிக்கவில்லை. எதிர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டார்.

"கண்ணு டாக்டர்கிட்டக் காட்டினேன். கண்ணு நல்லாருக்குன்னுட்டாரு. எழுத்தெல்லாம் தெரியுது. தூரம்தான்டா தெரியல. முன்னாடி போறவன் எவ்ளோ தள்ளிப் போறான்னு புரிய மாட்டேங்குது. பிரேக் மேல கால் வச்சுக்கிட்டே ஓட்டறேன். வண்டி என்னைவிடப் பெருசாயிட்ட மாதிரி இருக்கு. நான் பத்தலடா."

"களைப்பா இருக்கும். நாலு நாள் லீவு போடுங்க."

"போட்டுப் பார்த்துட்டேன்."

"இதைக் கொடுத்தா எங்க உட்கார வைப்பாங்கன்னு தெரியும்ல?"

"தெரியும். வெயில் முதுகுப் பக்கம்தான் விழும். பரவால்ல."

"நேத்து வேலைக்கு வந்தவன்லாம் உங்க காதுல ஹாரன் அடிச்சிட்டுப் போவான். நான் இந்த ஜன்னல்ல உட்கார்ந்து அதைப் பார்த்துக்கிட்டு இருக்கணுமா?"

அங்கேதான் எல்லாம் நடந்தது என்று பின்னாளில் தம்பிக்குத் தோன்றும். கேட்டது தம்பியின் கௌரவத்தைப் பற்றிய கேள்வி. அண்ணன் தன் பயத்தை எடுத்து மடித்து உள்ளே வைத்துக்கொண்டார், சின்ன வயதில் கடைசித் தோசைத் துண்டைத் தம்பி பக்கம் தள்ளிவிட்டு, பசியில்லை என்று சொன்ன அதே முகத்தோடு.

"ரெண்டே வருஷம்ண்ணே. மெதுவா ஓட்டிட்டு மரியாதையா இறங்கிடுங்க."

"நீ எழுதறது எழுது. நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்."

தம்பி புதுக் காகிதம் எடுத்தார். பத்தே நிமிடம். எதிரே வந்த வாகனத்தின் விளக்கொளியால் கணநேரம் ஏற்பட்ட கவனக்குறைவு. நல்ல வாக்கியம். அண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனார். லாக் ஷீட்டை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, தம்பி சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தார்.

பதினோரு வாரம் கழித்து, வண்டியின் காலை முதல் நடை. ஆற்றுப் பாலத்துக்கு முந்தைய வளைவில், பாலத்தின் பக்கச் சுவரில் வண்டி மோதியது. பயணிகள் யாரும் இல்லை. கண்டக்டருக்குக் கை முறிந்தது. அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கொண்டுபோனது ஒரு சம்பிரதாயத்துக்குத்தான், உயிர் அங்கேயே போயிருந்தது.

கண்டக்டர் கட்டுப்போட்ட கையோடு சொன்னார்: "பிரேக் போட்டாரு சார். ரொம்ப முன்னாடியே போட்டாரு. பாலம் இன்னும் வரலன்னு நினைச்சாரு போல. மறுபடி எடுத்தாரு. அப்ப பாலம் இருந்துச்சு."

ஒரு மாதத்தில் விசாரணை அறிக்கை வந்தது. எல்லாக் காகிதமும் பதிவேட்டு அறை வழியாகத்தான் போகும் என்பதால் அதைப் பிரித்து நம்பர் போட்டதும் விளக்கம் சார்தான். 'இறந்த ஓட்டுநர் இதற்கு முன் மூன்று முறை தமது கவனக்குறைவை எழுத்து மூலம் ஒப்புக்கொண்டுள்ளார். இவ்விபத்தும் அவரது வழக்கமான கவனக்குறைவினால் நேர்ந்ததே எனத் தெரிகிறது.' ஆதாரமாக இணைத்திருந்த மூன்று கடிதங்களும் தம்பி தன் கையால் எழுதியவை. ஒரு பிரதி அண்ணி வீட்டுக்குப் போயிற்று.

அண்ணி அதைக் கையில் வைத்துக்கொண்டே கதவைத் திறந்தார். மேல் தாளை மட்டும்தான் படித்திருந்தார். அதற்கு அப்பால் அவரால் போக முடியவில்லை.

"தம்பி, இவரா கவனமில்லாத மனுஷன்? அடுப்பை அணைச்சோமான்னு பாதித் தெரு போயிட்டுத் திரும்பி வர்ற ஆளு. நான் எத்தனை நாள் அதுக்காகத் திட்டியிருக்கேன்! வழக்கமான கவனக்குறைவாமே. யாரோட வழக்கம்?"

அண்ணி அந்தத் தாளை அவர் பக்கம் நீட்டினார்.

"நீங்க ஆபீஸ்லயே இருக்கீங்க. எப்படி எழுதினா எடுப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அந்த வார்த்தையை மட்டும் அவர் மேலருந்து எடுத்துடுங்க."

"எடுத்துடறேன் அண்ணி," என்றார். அந்தக் கடிதங்களை எழுதியது யார் என்று அப்போது சொல்ல வாய் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் யார் வீட்டுக்கும் சாப்பிடப் போகவில்லை. காலையில் மாடியறையில் காகிதத்தை எடுத்து வைத்து உட்கார்ந்தார். கவனக்குறைவை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எதை வைப்பது? 'இயலாமை' என்று எழுதிப் பார்த்தார். அண்ணன் இயலாதவராக வந்து நிற்கவில்லை. இயலும் மட்டும் ஓட்டிவிட்டுத்தான் வந்தார். 'தகுதியின்மை' என்று எழுதினார். அது மேஜைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் அந்தப் பக்கம் நிற்பவர்கள் மேல் குத்துகிற முத்திரை. 'தாழ்வு மனப்பான்மை' என்பது வாரப் பத்திரிகையின் கேள்வி பதிலில் வருகிற சமாசாரம். 'தன்னம்பிக்கைக் குறைவு' என்று எழுதும்போதே அவருக்குக் கூசியது. அண்ணனுக்கு நம்பிக்கையில் ஒரு குறையும் இல்லை. தம்பியை நம்பித்தானே படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

எல்லா வார்த்தைகளிலும் ஏதோ ஒரு பழி ஒட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான், அண்ணன் லாக் ஷீட்டில் எழுதியதைத் தவிர வேறு எதுவும் சரியில்லை என்று அவருக்குப் புரிந்தது. சட்டை தைக்கத் துணி பத்தவில்லை என்றால் துணியை யாரும் திட்டுவதில்லை. இவ்வளவு வேண்டும், இவ்வளவுதான் இருக்கிறது, அவ்வளவே. ஜாக்கிரதையான மனிதர். மற்ற எல்லாவற்றையும் அளப்பதுபோலத் தன்னையும் அளந்து பார்த்துவிட்டு, அளவைச் சொல்ல வந்திருக்கிறார். அதை உப்பு என்று சொல்லிச் சிரித்தாயிற்று.

எல்லாவற்றையும் எழுதினார். லாக் ஷீட்டில் இருந்த இரண்டு வரியை, இருந்தபடியே எழுதினார். அதை யார் கிழித்தது என்பதையும் எழுதினார். கடைசியில் தன்னைப் பற்றி ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. தான் அப்படிச் செய்தது எதனால்? பேனா தானாகவே ஓடி, 'எனது கவனக்குறைவினால்' என்று எழுதி முடித்த பிறகுதான் அவர் பார்த்தார். காகிதத்தைக் கசக்கிப் போட்டார். மறுபடி முதலிலிருந்து எழுதினார். அந்தக் கடைசி வரிக்கு மட்டும் எந்த வார்த்தையும் வரவில்லை. எனக்கும் பத்தவில்லை என்று எழுதலாமா என்று நினைத்தார். அந்த வார்த்தைக்கு அண்ணன் உரிமை உள்ளவர், தனக்கு ஏது? சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, காரணத்தை எழுதாமலே அந்தக் கடிதத்தை மடித்தார்.

திங்கட்கிழமை மேனேஜர் அதை இரண்டு முறை படித்தார். அவரைவிடப் பத்து வயது சின்னவர், நல்ல மாதிரி.

"அவர் எழுதின அந்தத் தாள் இருக்கா சார்?"

"இல்ல சார். கிழிச்சுட்டேன். எழுதியிருக்கேனே."

மேனேஜர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "கோவிச்சுக்காதீங்க. இதை நான் ஃபைல்ல சேர்த்தா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? கவனக்குறைவுன்னா கதை இத்தோட முடிஞ்சுது. இது சேர்ந்தா, தன்னால ஓட்ட முடியாதுன்னு தெரிஞ்சே பதினோரு வாரம் ஜனங்களை ஏத்திக்கிட்டு ஓட்டினார்னு ஆயிடும். விசாரணையை மறுபடி திறக்கணும். கண்டக்டர் வீட்ல கேட்பாங்க. அந்த ரூட்ல தினம் போற ஒவ்வொருத்தரும் கேட்பாங்க. இறந்தவர் மேல கேஸ் நடக்காது சார். ஆனா பேச்சு நடக்கும்."

"என்னாலதானே ஓட்டினாரு? அதையும் எழுதியிருக்கேன்."

"நீங்க சொன்னீங்க. பெடல் மேல இருந்த கால் அவரோடதுதானே?"

ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் ஒருவர் 'வரலாம், வரலாம்' என்று பக்கவாட்டில் தட்டிக்கொண்டே வந்தார்.

"இதை நான் ஃபைல்ல போட்டா உங்க வேலைக்கும் ஆபத்து. அதைக்கூட விடுங்க," என்றார் மேனேஜர். "இது அவங்க வீட்டுப் பேரு. அவங்களைக் கேட்டுட்டு வாங்க. நாளைக்கு வரைக்கும் மேஜையிலேயே வச்சிருக்கேன்."

அன்று சாயங்காலம் தம்பி போனபோது அண்ணி காக்கிச் சட்டைகளைத் தரையில் பரப்பி, பொத்தான்களைச் சரிபார்த்து மடித்துக்கொண்டிருந்தார். யாருக்கோ கொடுப்பதற்காக. அவர் எதிரே தரையிலேயே உட்கார்ந்து, கடிதத்தின் நகலை வாசித்தார். குரல் எங்கேயும் நிற்கவில்லை. வாசித்தே பழகிய குரல். லாக் ஷீட் வரிகள் வந்தபோது அண்ணியின் கை நின்றது. முடித்ததும் மேனேஜர் சொன்னதையும் சொன்னார்.

அண்ணி கேட்டார்: "அது என்ன கிழமை?"

"வியாழக்கிழமை, அண்ணி."

"வியாழக்கிழமை." அவர் யோசித்தார். "அன்னிக்கு சீக்கிரம் வந்தாரு. ஸ்டூல் போட்டு ஏறி ஃபேனைத் துடைச்சாரு. நான் கீழ ஸ்டூலைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். றெக்கையை ஒவ்வொண்ணாத் துடைச்சுட்டு, 'இப்ப நல்லாக் காத்து வரும்'னாரு. வேற ஒண்ணும் சொல்லல."

அண்ணி அடுத்த சட்டையைக் கையில் எடுத்தார்.

"முப்பத்தோரு வருஷம் தம்பி. உங்ககிட்ட வந்து சொல்லியிருக்காரு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல." ஒரு சட்டையின் கழுத்துப்பட்டையை விரலால் நீவி நீவிச் சரிசெய்தார். "சொன்னா நான் தாங்க மாட்டேன்னு நினைச்சிருப்பாரு. அதுக்கு நான் பத்தல போல."

"அப்படி இல்ல அண்ணி..."

"நீங்க எதுவும் அழகாச் சொல்லாதீங்க."

அண்ணி மிச்சமிருந்த இரண்டு சட்டைகளையும் மடித்து அடுக்கின் மேல் வைத்தார்.

"கவனக்குறைவுன்னே இருக்கட்டும். அது பொய்தானே, இருந்துட்டுப் போகட்டும். எங்கிட்டகூடச் சொல்லாம மறைச்சு வச்சிருந்ததை அந்த ஃபைல்ல வச்சு யார் யாரோ புரட்ட வேணாம். போய் வாங்கிட்டு வந்துடுங்க."

"சரி அண்ணி."

"அப்புறம், கொஞ்ச நாள் இந்தப் பக்கம் வராதீங்க. கோபம் இல்ல. உங்களைப் பார்த்தா, அவர் உங்க முன்னாடி வந்து உட்கார்ந்தது கண்ணுல தெரியுது. நீங்க வேற காகிதம் எடுத்ததும் தெரியுது."

அவர் படியிறங்கும்போது அண்ணி கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். தாழ்ப்பாள் போடும் சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் காலை அவர் கேட்டதும் மேனேஜர் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். கடிதம் வந்ததாகத் தபால் பதிவேட்டில் ஏற்கெனவே ஏறிவிட்டதால், திரும்பப் பெற்றுக்கொள்வதாக ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும் என்றார். காரணமும் குறிப்பிட வேண்டும், இல்லாவிட்டால் தணிக்கையில் கேட்பார்கள்.

அவர் அங்கேயே நின்றபடி, மேனேஜரின் மேஜை ஓரத்தில் குனிந்து எழுதினார். 'மேற்படி விளக்கத்தின் உள்ளடக்கத்தை மறுபரிசீலனை செய்ததில், அதனைத் தொடர வேண்டிய அவசியமில்லை எனக் குடும்பத்தினர் கருதுவதால், அன்னாரின் நினைவைக் கருத்திற்கொண்டு திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.' ஓர் இடத்தில்கூடப் பேனா தயங்கவில்லை. மேனேஜர் படித்துவிட்டு, "இது போதும் சார். நல்லா எழுதியிருக்கீங்க," என்றார்.

அவர் தன் அறைக்குத் திரும்பினார். அண்ணனின் ஃபைலை எடுத்து, அந்தக் காகிதத்தை மூன்று கடிதங்களுக்குப் பின்னால் நான்காவதாக வைத்துக் கட்டினார். வெளியே முதல் ஷிப்ட் வண்டிகள் ஒவ்வொன்றாக உறுமிக்கொண்டு கிளம்பின. அந்த ஃபைலின் மேலுறையில் 'முடிந்தது' என்று எழுத வேண்டும். அது அவருடைய வேலை. எழுதினார்.